‘சாவியைத் தொடுங்கள்’: திரை ஓரத்தில் வரும் இந்த ஒரு வரி ஏன் தேவை?

மதியம் மூன்று மணி. கோடு எழுதி முடித்து ‘கிட் புஷ்’ கொடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறீர்கள். ஐந்து நிமிடம் கழித்து வந்து பார்த்தால் டெர்மினலில் பிழைச் செய்தி. நெட் போயிடுச்சா, விபிஎன் அறுந்துடுச்சா, சர்வர் படுத்துடுச்சா என்று ஒவ்வொன்றாகத் தேடுகிறீர்கள். எல்லாமே சரியாகத்தான் இருக்கிறது. மானிட்டருக்குப் பின்னால் யூஎஸ்பி ஹப்பில் செருகியிருக்கும் செக்யூரிட்டி கீ மட்டும் கொஞ்ச நேரம் முன்பு வரை மினுக் மினுக் என்று உங்கள் விரலைக் கேட்டுக்கொண்டிருந்தது. நீங்கள் பார்க்கவில்லை. அதுவும் அலுத்துப்போய் அணைந்துவிட்டது.

யூபிகீ மாதிரியான வன்பொருள் சாவியைத் தினமும் பயன்படுத்தும் டெவலப்பர் யாரைக் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்வார். இதற்காகவே சில சின்ன மென்பொருள்கள் இருக்கின்றன. சாவி விரலுக்குக் காத்திருக்கும்போது, டெஸ்க்டாப் ஓரத்தில் ‘சாவியைத் தொடுங்கள்’ என்று ஒரு நோட்டிஃபிகேஷன் காட்டுவதுதான் அவற்றின் மொத்த வேலையும். பார்ப்பதற்கு அற்ப விஷயம். இதைப் போய் எழுதணுமா என்றுகூடத் தோன்றலாம். ஆனால் ஒரு கேள்வி இதற்குள் இருக்கிறது. நாம் தொட்டுச் சம்மதம் சொல்லும்போது, எதற்குச் சம்மதம் சொல்கிறோம் என்பது நமக்குத் தெரிகிறதா?

விரல் எதற்கு?

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிடலாம். சாவியின் மேல் இருக்கும் அந்தத் தங்க நிற வட்டம் கைரேகை பார்ப்பதில்லை. கைரேகை படிக்கும் தனி மாடல்கள் உண்டு, அவை வேறு. சாதாரண சாவியை நீங்கள் தொட்டாலும் ஒன்றுதான், பக்கத்து சீட்டுக்காரர் தொட்டாலும் ஒன்றுதான். அது சோதிப்பது ஒரே ஒரு விஷயத்தை: இந்தக் கணினியின் பக்கத்தில் இப்போது ஒரு மனிதர் இருக்கிறாரா, இல்லையா.

இது ஏன் முக்கியம் என்றால், கணினிக்குள் புகுந்த மால்வேர் ஏறக்குறைய எல்லாமே செய்யும். நீங்கள் தட்டும் பாஸ்வேர்டைப் படிக்கும், பின் நம்பரைப் பிடிக்கும், நள்ளிரவில் தானே கமாண்ட் ஓட்டும். அதனிடம் இல்லாத ஒன்று விரல். எங்கோ வேறொரு நாட்டில் உட்கார்ந்து உங்கள் லேப்டாப்பை ஆட்டிவைப்பவரால் சென்னையில் இருக்கும் உங்கள் மேஜைக்குக் கை நீட்ட முடியாது. சாவி வழங்கும் பாதுகாப்பில் ஒரு பாதி இதுதான்.

இன்னொரு பாதி, போலி இணையதளத்தில் ஏமாறாமல் இருப்பது. ஓடிபி வந்தால் அதை எந்தப் பக்கத்திலும் தட்டிவிட முடியும், போலிப் பக்கம் உட்பட. செக்யூரிட்டி கீ அப்படியல்ல. எந்த இணைய முகவரிக்காகப் பதிவு செய்தோமோ அந்த முகவரிக்கு மட்டும்தான் பதில் தரும். உங்கள் கண் ஏமாந்தாலும் சாவி ஏமாறாது. கூகுள் 2017-இல் தன் 85,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களைச் சாவிக்கு மாற்றிய பிறகு, ஃபிஷிங்கால் ஒரு ஊழியரின் கணக்குகூடப் பறிபோகவில்லை என்று அடுத்த ஆண்டு அறிவித்தது. 2022 ஜூலையில் கிளவுட்ஃபிளேர் ஊழியர்களுக்குப் போலி லாகின் பக்க லிங்க்குடன் எஸ்எம்எஸ் வந்தது. மூன்று பேர் நம்பி பாஸ்வேர்டைத் தட்டியும்விட்டார்கள். ஆனால் உள்ளே நுழையச் சாவி வேண்டுமே! தாக்குதல் அங்கேயே நின்றது. அதே சமயத்தில் அதே பாணித் தாக்குதலில் ட்விலியோ நிறுவனம் மாட்டிக்கொண்டது.

இவ்வளவு பலம் உள்ள ஒரு கருவி, ‘மின்னுவது கண்ணில் படவில்லை’ என்ற காரணத்துக்காகத் தினமும் எரிச்சலைக் கிளப்புகிறது.

மௌனமாக நிற்கும் இடங்கள்

பிரவுசரில் இந்தப் பிரச்சினை கிடையாது. ஜிமெயிலிலோ கிட்ஹப்பிலோ லாகின் செய்யும்போது, சாவியைத் தொடச் சொல்லி நடுத்திரையில் பெட்டி வந்து நிற்கும். விண்டோஸிலும் தொல்லை கொஞ்சம் குறைவு. இத்தகைய கோரிக்கைகள் பெரும்பாலும் இயங்குதளத்தின் சொந்தப் பெட்டி வழியாகப் போய்விடும். சிக்கல் இருப்பது லினக்ஸிலும் மேக்கிலும் டெர்மினலில் வேலை செய்பவர்களுக்கு.

2020 பிப்ரவரியில் வந்த ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 8.2 பதிப்பிலிருந்து, சர்வருக்குள் நுழைய செக்யூரிட்டி கீயை நேரடியாகவே பயன்படுத்தலாம். டெர்மினலில் நேராக ஓட்டினால், சாவியை உறுதிப்படுத்தச் சொல்லி ஒரு வரி வரும். ஆனால் இன்று எத்தனை பேர் அப்படி ஓட்டுகிறோம்? எடிட்டரில் ஒரு பட்டனைத் தட்டுகிறோம். அது கிட்டைக் கூப்பிடுகிறது, கிட் எஸ்எஸ்ஹெச்சைக் கூப்பிடுகிறது. அந்த ஒரு வரி எங்கோ ஒரு லாக் ஜன்னலுக்குள் விழுந்துவிடும். யாரும் படிப்பதில்லை.

பின்னணியில் ஓடும் எஸ்எஸ்ஹெச் ஏஜென்ட் மூலம் போனால் இன்னொரு கூத்து. சாவியைத் தொடச் சொல்லிப் பெட்டி காட்ட ஏஜென்ட்டுக்கு ‘ஆஸ்க்பாஸ்’ என்ற உதவி மென்பொருள் வேண்டும். அது நிறுவப்படவில்லை என்றாலோ, திரை எது என்று ஏஜென்ட்டுக்குத் தெரியவில்லை என்றாலோ, அது வாயே திறக்காது. மறுமுனையில் சர்வர், வழக்கமான அமைப்பில், இரண்டு நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு இணைப்பைத் துண்டிக்கும்.

‘சூடோ’ கமாண்டுக்குச் சாவி கேட்கும் மாதிரி லினக்ஸை அமைத்தவர்களுக்கும் இதே கதை. அதற்கான ‘பாம் யூ2எஃப்’ மாட்யூல், சாதாரணமாக எதுவும் சொல்லாமல் அப்படியே நிற்கும். அமைப்புக் கோப்பில் ‘க்யூ’ என்ற ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தால்தான், சாதனத்தைத் தொடச் சொல்லி ஒரு வரி வரும். இதை முதலிலேயே ஏன் இயல்பான அமைப்பாக வைக்கவில்லை என்பது எனக்கு இன்றுவரை புரியாத விஷயம்.

இந்த மௌனத்தால் போவது நேரம் மட்டும் என்றால் விட்டுவிடலாம். எரிச்சல் முற்றினால் மனிதர்கள் என்ன செய்வார்கள்? தொடுதலையே அணைத்துவிடுவார்கள். அதற்கு வழியும் உண்டு. எஸ்எஸ்ஹெச் சாவி உருவாக்கும்போதே தொடுதல் தேவையில்லை என்று சொல்லலாம். சர்வரும் அனுமதித்தால் அது செல்லும். யூபிகீயில் ஜிபிஜி சாவிகளுக்குத் தொடுதலை ‘ஆஃப்’ செய்து வைக்கலாம். அப்படிச் செய்தபின், சாவியைத் திருடி வெளியே கொண்டுபோக முடியாது என்ற பாதுகாப்பு மட்டும் மிஞ்சும். செருகியிருக்கும் வரை, கணினிக்குள் இருக்கும் எந்த மென்பொருளும் அதை இஷ்டத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

இதை நம்மூர் ஆடிட்டர் அலுவலகங்களில் கண்கூடாகப் பார்க்கலாம். ஜிஎஸ்டி, கம்பெனி தாக்கல்களுக்கான டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் காலையில் செருகினால் மாலை வரை அப்படியே இருக்கும். அதன் பின் நம்பர் ஆபீஸில் பாதிப் பேருக்குத் தெரியும். பரவலாகப் புழங்கும் அந்த டோக்கன்களில் தொட வேண்டிய பட்டனே கிடையாது. சட்டப்படி செல்லுபடியாகும் கையெழுத்து, மனிதர் யாரும் பக்கத்தில் இல்லாமலேயே விழ முடியும்.

நினைவூட்டல் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

லினக்ஸில் பலரும் பயன்படுத்துவது ‘யூபிகீ டச் டிடெக்டர்’ என்ற இலவச ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். அது செய்வது பெரும்பாலும் ஒட்டுக்கேட்கும் வேலைதான், நல்ல நோக்கத்தில். எஃப்ஐடிஓ2 விதிமுறைப்படி, சாவி சும்மா காத்திருப்பதில்லை. கணினிக்கு அடிக்கடி, கிட்டத்தட்ட நொடிக்குப் பத்து முறை, ‘இன்னும் உயிரோடு இருக்கிறேன்’ என்று செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்தச் செய்தியிலேயே ‘கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்பதற்கு ஒரு எண், ‘மனிதருக்காகக் காத்திருக்கிறேன்’ என்பதற்கு வேறொரு எண். யூஎஸ்பி வழியே போகும் அந்த இரண்டாவது எண்ணைப் பார்த்ததும் மென்பொருள் மணி அடிக்கிறது.

ஜிபிஜி விஷயத்தில் இவ்வளவு தெளிவு இல்லை. சாவிக்கு ஒரு சின்னக் கேள்வி அனுப்பிப் பார்க்கிறது. உடனே பதில் வராமல் தொங்கினால், விரலுக்குத்தான் காத்திருக்கிறது போல என்று ஊகிக்கிறது. ஊகம் என்பதால் சில சமயம் தப்பாகவும் மணி அடிக்கும். மேக்கில் கணினியின் லாக் செய்திகளை வாசித்து இதே வேலையைச் செய்யும் சின்னக் கருவிகள் உண்டு.

நிறுவ ஐந்து, பத்து நிமிடம் ஆகும். தேவையா என்றால், தேவை. தொடுதலை அணைத்து வைப்பதைவிட, தொடச் சொல்லி நினைவூட்டுவது நூறு மடங்கு மேல். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. யோசனை வருவது அடுத்த கட்டத்தில்.

பழகிப்போனால் என்ன ஆகும்?

2022 செப்டம்பரில் உபர் நிறுவனத்துக்குள் ஒருவர் நுழைந்தார். நிறுவனத்துக்காக வேலை பார்த்த ஒப்பந்தப் பணியாளரின் பாஸ்வேர்டு அவரிடம் இருந்தது. மொபைலில் ‘நீங்கள்தானா? அனுமதிக்கவா?’ என்று கேட்கும் இரண்டாம் கட்டச் சோதனை குறுக்கே நின்றது. அவர் திரும்பத் திரும்ப லாகின் செய்தார். பணியாளரின் மொபைலில் திரும்பத் திரும்பக் கேள்வி வந்தது. கடைசியில் ஒரு தடவை ‘ஓகே’ விழுந்தது. அவ்வளவுதான். இதற்குப் பிறகுதான் பல நிறுவனங்கள் விழித்தன. மைக்ரோசாஃப்ட் தன் ஆதென்டிகேட்டர் ஆப்பில், லாகின் திரையில் தெரியும் எண்ணை மொபைலில் தட்டினால்தான் அனுமதி என்ற முறையை 2023 மே முதல் எல்லோருக்கும் கட்டாயமாக்கியது. வெறும் ‘ஓகே’வுக்கு மதிப்பில்லை என்று ஒப்புக்கொண்டதாகத்தான் இதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

நமக்குப் பக்கத்திலேயே உள்ள உதாரணம் யுபிஐ. ‘பணம் அனுப்புகிறேன், பின் போடுங்க’ என்று சொல்லி, உண்மையில் பணம் கேட்கும் கோரிக்கையை அனுப்பி ஏமாற்றிய கதைகளைக் கேட்காதவர் குறைவு. திரையில் ஒரு கேள்வி, கையில் ஒரு பழக்கம், நடுவில் படிக்க நேரமில்லை. 2025 அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்கு இடையிலான அந்தப் பணக் கோரிக்கை வசதியையே என்பிசிஐ நிறுத்திவிட்டது.

செக்யூரிட்டி கீயில் இந்த ஆபத்து எப்படி வரும்? சாவியில் திரை இல்லை. ஒரு விளக்குதான். அது மின்னும்போது, உங்கள் கிட் புஷ்ஷுக்காக மின்னுகிறதா, பின்னணியில் ஒளிந்திருக்கும் வேறொரு நிரலுக்காக மின்னுகிறதா என்று சாவிக்கும் சொல்லத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ‘சாவியைத் தொடுங்கள்’ என்று மொட்டையாக ஒரு நோட்டிஃபிகேஷன் தினமும் முப்பது தடவை வந்தால், முப்பத்தோராவது தடவை கை தானாகவே போகும். மறதியை ஒழிக்க வந்த கருவி யோசனையையும் சேர்த்து ஒழித்துவிடும்.

திரை இருந்தாலும் போதாது என்பதற்குக் கிரிப்டோ உலகில் விலை உயர்ந்த பாடங்கள் உண்டு. 2024 ஜூலையில் இந்தியாவின் வஸீர்எக்ஸ் தளத்திலிருந்து 23 கோடி டாலருக்கும் மேல் பறிபோனது. பலர் தனித்தனியே கையெழுத்திட்டால்தான் திறக்கும் பெட்டகம் அது. கையெழுத்துப் போட்டவர்களின் திரையில் தெரிந்ததும், உண்மையில் கையெழுத்தானதும் வேறு வேறு என்று அந்த நிறுவனம் விளக்கம் சொன்னது. ஏழே மாதத்தில், 2025 பிப்ரவரியில், பைபிட் தளத்தில் அதே கதை சுமார் 150 கோடி டாலர் அளவுக்கு நடந்தது. எல்லோரும் முறைப்படிதான் உறுதி செய்தார்கள். எதை என்பது மட்டும்தான் தெரியவில்லை.

தொடக் கூடாத நேரம்

அதனால் இந்த நினைவூட்டலை நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். எப்போது தொட வேண்டும் என்று சொல்வது அதன் சின்ன உபயோகம். நீங்கள் எதுவுமே செய்யாதபோது சாவி மின்னுகிறது என்று காட்டிக்கொடுப்பதுதான் பெரிய உபயோகம்.

2019 ஏப்ரலில் மேட்ரிக்ஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் அரட்டைத் திட்டத்தின் சர்வர்களுக்குள் ஒருவர் புகுந்தார். ஜென்கின்ஸ் மென்பொருளில் இருந்த ஓட்டை வழியே முதலில் ஒரு சர்வரைப் பிடித்தார். அந்த சர்வருக்கு ஒரு டெவலப்பர் தன் எஸ்எஸ்ஹெச் ஏஜென்ட்டை ‘ஃபார்வர்டு’ செய்தபடி வந்தபோது, அதையே பிடித்துக்கொண்டு அடுத்தடுத்த சர்வர்களுக்குத் தாவினார். சாதாரண சாவிக் கோப்பை ஏற்றி வைத்திருக்கும் ஏஜென்ட், யார் கேட்டாலும் சத்தமில்லாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடும். தொடுதல் கட்டாயமான வன்பொருள் சாவி என்றால், ஒவ்வொரு தாவலுக்கும் அந்த விளக்கு மின்னும். ஆனால் யாராவது பார்க்க வேண்டுமே! மானிட்டருக்குப் பின்னால் மின்னி அணைந்தால் அது எச்சரிக்கையே அல்ல. திரையில் வந்து, ‘நான் ஒன்றும் கேட்கலையே, இது ஏன் இப்போ?’ என்று உங்களை நிமிர வைத்தால்தான் எச்சரிக்கை.

இதற்கும் எல்லை உண்டு, மறைக்க வேண்டாம். புத்திசாலி மால்வேர் நீங்கள் புஷ் கொடுக்கும் அதே நொடிக்காகக் காத்திருந்து தன் கோரிக்கையை முன்னால் நுழைக்கும். உங்கள் தொடுதல் அதற்குப் போய்ச் சேரும். உங்களுடையது மறுபடி கேட்கும். ‘சரியா அழுத்தலை போல’ என்று இரண்டாவது முறையும் தொடுவீர்கள். இரண்டு முறை கேட்டாலே ஆபத்து என்றும் சொல்ல முடியாது. கமிட்டில் ஜிபிஜி கையெழுத்துப் போட ஒன்று, சர்வருக்கு அனுப்ப ஒன்று என இரண்டு தொடுதல் நியாயமாகவே வரும். உங்கள் வேலைக்கு எத்தனை தொடுதல் என்ற கணக்கு மனதில் இருந்தால், ஒன்று கூடும்போது உறுத்தும்.

நினைவூட்டல் மென்பொருள் எழுதுபவர்களிடம் கேட்க வேண்டியதும் இதுதான். ‘தொடுங்கள்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த நிரல் கேட்கிறது, எந்தச் சாவியை, எந்த சர்வருக்காக என்பதில் தெரிந்தவரை சொல்லுங்கள். ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சின் சொந்தப் பெட்டி குறைந்தபட்சம் எந்தச் சாவி என்பதையாவது காட்டுகிறது. தொட்டதும் செய்தி தானாக மறைய வேண்டும். அதில் ‘ஓகே’ பட்டன் இருக்கவே கூடாது. சம்மதம் சொல்லும் இடம் சாவி மட்டும்தான். பின்னணியில் நடந்த கோரிக்கைகளை, யாரும் தொடாமல் காலாவதியானவை உட்பட, ஒரு பட்டியலாக வைத்தால் மதியச் சாப்பாடு முடிந்து வரும்போது பார்த்துக்கொள்ளலாம். இப்போதுள்ள கருவிகள் பெரும்பாலும் ‘காத்திருக்கிறது’ என்பதோடு நின்றுவிடுகின்றன.

பயன்படுத்துபவர்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. சாவியைக் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் செருகுங்கள். ஹப் பின்னால் இருந்தால் ஒரு எக்ஸ்டென்ஷன் கேபிள் போதும். நினைவூட்டலை நிறுவுங்கள். தொடுதலை முழுக்க அணைக்காதீர்கள். இருபது கமிட்டுகளை ஒரே நேரத்தில் ரீபேஸ் செய்யும்போது இருபது தடவை தொட முடியாது என்பது நியாயமான புலம்பல்தான். அதற்கு யூபிகீயில் ‘கேஷ்டு’ என்ற நடுவழி உண்டு. ஒரு தடவை தொட்டால் 15 விநாடி வரை மறுபடி கேட்காது. அந்த 15 விநாடி மால்வேருக்கும் திறந்திருக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு பயன்படுத்துங்கள். ஏஜென்ட் ஃபார்வர்டிங்கை, அவசியம் இல்லாத சர்வர்களுக்கு நிறுத்திவிடுங்கள்.

இன்னொன்று, சாவி வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரு முறையாவது பட்ட அவமானம். கை தவறிச் சாவியில் பட்டு, ஆபீஸ் சாட் குரூப்பில் ‘சி’ எழுத்தாகத் தொடங்கும் 44 எழுத்துக் குப்பை ஒன்று தானாக விழுந்து, தானே என்டரும் தட்டி அனுப்பப்பட்டுவிடும். அது யூபிகீயின் பழைய ஓடிபி வசதி. சாவி ஒரு கீபோர்டு போல நடித்துத் தட்டுவது. உங்கள் நிறுவனம் அந்த வசதியைப் பயன்படுத்தவில்லை என்றால், யூபிகோவின் மேலாண்மை மென்பொருளில் அதை அணைத்துவிடலாம். அதன்பின் சாவியைத் தெரியாமல் தொட்டாலும் இப்படிக் குப்பை விழாது.

எதிர்பாராமல் சாவி மின்னினால் என்ன செய்வது? கையை எடுங்கள். சாவியை உருவுங்கள். பிறகு எந்த டெர்மினல், எந்த எடிட்டர், எந்த சர்வர் இணைப்பு திறந்திருக்கிறது என்று பாருங்கள். பல எடிட்டர்கள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை தாங்களாகவே ‘கிட் ஃபெட்ச்’ ஓட்டும். பெரும்பாலும் குற்றவாளி அதுதான். அந்தத் தானியங்கி வசதியை அணைத்து வையுங்கள். அணைத்த பிறகும் கேட்பாரில்லாமல் மின்னினால், உங்கள் ஐ.டி. பாதுகாப்புக் குழுவுக்கு போன் போடுங்கள். தொந்தரவு செய்கிறோமோ என்று தயங்க வேண்டாம், இதைக் கேட்கத்தான் அவர்கள் இருக்கிறார்கள்.